இலை மஞ்சள், நரம்பு பச்சை: என் புளூபெர்ரிக்கு என்ன குறை?

சோதனைக்குழாய்

அனைவருக்கும் வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரியவந்தால் இன்னும் அவமானம்.

என்னிடம் மூன்று புளூபெர்ரிச் செடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாற்பது லிட்டர் தொட்டியில். வைத்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. ஒன்றின் அட்டையில் ‘பிலாக்ஸி’ என்று ரகத்தின் பெயர் எழுதியிருக்கிறது. மற்ற இரண்டு அட்டைகளும் வெயிலில் வெளுத்துவிட்டன. முதல் வருடம் இலையெல்லாம் கரும்பச்சை, பார்க்கக் கண் நிறைந்தது. பிறகு வெளிறத் தொடங்கியது. இப்போது வரும் துளிர் முழுக்க மஞ்சள், நரம்புகள் மட்டும் பச்சை. மஞ்சள் காகிதத்தில் பச்சை மையால் மீன்முள் வரைந்தது போல் இருக்கிறது ஒவ்வோர் இலையும். அடியில் இருக்கும் பழைய இலைகள் அவ்வளவு மோசமில்லை. புதுக் கிளை விரல் நீளம்கூட ஓடவில்லை.

நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். நடும்போது பீட் (மட்கிய சதுப்புநிலப் பாசி), பைன் மரப்பட்டைத் துண்டு, பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல்) மூன்றையும் கலந்து நிரப்பினேன். அளந்து பார்த்தேன், பிஎச் (புளிப்பு-கார அளவு, 7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு) 5. மாதம் ஒரு கை மண்புழு உரம். சமையலறையில் சேரும் முட்டை ஓட்டைப் பொடித்து அவ்வப்போது. இலை மஞ்சளானதும் மண்புழு உரம் இரண்டு கையானது. போன மாதம் கந்தகத் தூள் ஒரு தேக்கரண்டி. தண்ணீர் தினமும் குழாயிலிருந்து, தொட்டிக்கு இரண்டு லிட்டர்.

பூ கொத்துக் கொத்தாக வந்தது. பழம் மூன்று செடியிலும் சேர்த்துப் பதினொன்று. நீலம் ஏறிய அன்றே பறித்துவிட்டேன், பல் கூசியது. “பதினோரு பழத்துக்கு இத்தனை வேதியியலா?” என்கிறார் கணவர். அவர் இயற்பியல் ஆசிரியர். அந்தத் துறைக்காரர்களுக்கு எங்களைக் கண்டால் எப்போதுமே இளக்காரம்தான்.

இது இரும்புச்சத்துக் குறை என்பது புரிகிறது. எந்த வடிவில் இரும்பு கொடுக்கலாம்?

மண்வாசம்

அம்மா, காபித்தூள் சக்கையை வேரைச் சுற்றிப் போடுங்கள். வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மூடி வினிகர் கலந்து ஊற்றுங்கள். என் செடி இரண்டு வருடமாக இதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

வேரடிநிழல்

டீச்சர், இரும்பு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் தொட்டியில் இரும்பு இருக்கிறது. செடி எடுத்துக்கொள்ளும் வடிவில்தான் இல்லை. பிஎச் 6ஐத் தாண்டினால் இரும்பு கரையாமல் உட்கார்ந்துகொள்ளும் என்று உங்களுக்கு நான் சொல்வது, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை.

இரண்டு கேள்வி கேட்கிறேன். கலவை பிஎச் 5 என்றீர்களே, அது நட்ட அன்றைய கணக்கு. இன்று எவ்வளவு? அடுத்தது, குழாய்த் தண்ணீரை என்றாவது அளந்திருக்கிறீர்களா?

பதில் வரும்வரை முட்டை ஓட்டை நிறுத்துங்கள். அது கால்சியம் கார்பனேட். ஒரு கையால் கந்தகமும் மறு கையால் சுண்ணாம்பும் போட்டால் செடி என்னதான் செய்யும்? மண்புழு உரமும் வேண்டாம். மற்றச் செடிக்கெல்லாம் அமுதம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் அதன் பிஎச் 7ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். புளூபெர்ரி கேட்பது 4.5 முதல் 5.5 வரை. விறகுச் சாம்பல் போடுகிறவர்களும் இங்கே உண்டு, அவர்களிடம் நான் பேசுவதில்லை.

கோபப்படாதீர்கள், நானும் இதே அன்பால் ஆறு செடிகளைக் கொன்றவன். தொழு உரத்தைக் குவித்துக் கொன்றேன். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, நூறு வருடத்துக்கு முன்பே இது எழுதி வைக்கப்பட்ட பாடம் என்று. அமெரிக்காவில் ஃபிரெடெரிக் கோவில் என்ற தாவரவியலாளர் 1910இல் புளூபெர்ரி வளர்ப்புச் சோதனைகளைப் பற்றி அரசு வெளியீடாக ஒரு அறிக்கை கொண்டுவந்தார். அதுவரை காட்டில் பறிக்கும் பழம் அது. தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் செத்துப்போகும். எரு ஏறிய கொழுத்த தோட்ட மண்ணும் சுண்ணாம்பும்தான் அதற்கு எமன், புளிப்பு மண்ணே அதற்கு வீடு என்று சொன்னவர் அவர். அதைப் படித்துவிட்டு நியூ ஜெர்சியில் கிரான்பெர்ரி பயிரிட்டுவந்த குடும்பத்தைச் சேர்ந்த எலிசபெத் வைட் அவருடன் கைகோத்தார். காட்டில் பழம் பறிப்பவர்களிடம் துளை போட்ட அளவுகோலைக் கொடுத்து, அந்தத் துளைக்குள் நுழையாத பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டுகிறவருக்குப் பணம் என்றார். புதருக்குக் கண்டுபிடித்தவரின் பெயர். 1916இல் முதல் விளைச்சல் விற்பனைக்குப் போனது. இன்று நாம் தொட்டியில் வைத்துக் கொஞ்சும் செடிகளின் பூர்வீகம் அந்தப் புதர்களில் போய் முடியும்.

கந்தகம் ஒரு மாதத்தில் ஒன்றும் காட்டாது. மண்ணில் இருக்கும் பாக்டீரியா அதைத் தின்று அமிலமாக்க வேண்டும். அதற்கு ஈரமும் வெதுவெதுப்பும் மாதக்கணக்கில் பொறுமையும் வேண்டும். ‘வேலை செய்யவில்லை’ என்று மறுபடி மறுபடி கொட்டி, எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டால் வேர் வெந்துவிடும்.

மண்வாசம் தம்பிக்கு: காபியைக் குடித்த பின் மிஞ்சும் சக்கையில் புளிப்பு அதிகம் இல்லை. அமிலத்தில் பெரும்பகுதி கோப்பைக்குள் போய்விட்டது.

மண்வாசம்

என் செடி தேறியிருக்கிறதே ஐயா, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வேரடிநிழல்

எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

மண்வாசம்

மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்த் தொட்டி.

வேரடிநிழல்

தேற்றியது அதுதான் தம்பி. காபிக்குப் பாராட்டு போய்விட்டது.

சோதனைக்குழாய்

ஐயா, கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டுவந்திருக்கிறேன். தலைகுனிந்துதான் வந்திருக்கிறேன்.

கலவையின் பிஎச் இன்று 6.9. முட்டை ஓடுதான் குற்றவாளி என்று முதலில் நினைத்தேன். பிறகு தண்ணீர்.

பதினொன்றில் ஒரு பழத்தைப் பேரனுக்கென்று உறைபெட்டியில் வைத்திருந்தேன், அவன் வரவில்லை. அதை எடுத்துத் தோலை மட்டும் உரித்து, கொஞ்சம் வெந்நீரில் நசுக்கினேன். மூன்று கண்ணாடிக் குவளை. ஒன்றில் பிடித்துவைத்த மழைநீரும் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறும், இன்னொன்றில் வெறும் மழைநீர், மூன்றாவதில் குழாய்த் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு சாறு விட்டேன். எலுமிச்சைக் குவளை பளிச்சென்று இளஞ்சிவப்பு. மழைநீர், வெளுத்த ஊதா கலந்த சிவப்பு. குழாய்த் தண்ணீர் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் படிந்த நீலமாகத் திரும்பியது. லிட்மஸ் தாளைக் காட்டி எத்தனை வகுப்பு எடுத்திருப்பேன்! என் தொட்டியில் காய்த்த பழமே எனக்கு வகுப்பு எடுத்துவிட்டது.

விடவில்லை. பழைய மாணவி ஒருத்தி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே போய் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் ப்யூரெட் குழாயைப் பிடித்தேன், கை நடுங்காமல். லிட்டருக்கு 240 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாளுக்கு இரண்டு லிட்டர், இரண்டு வருடம், 1,460 லிட்டர். வடிந்து போனதைக் கழிக்காமல் பார்த்தால், ஒவ்வொரு தொட்டிக்கும் 350 கிராம் சுண்ணாம்பு. கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைத் தினமும் காலையில் சுரண்டிக்கொண்டிருப்பவள் நான். அதே வெள்ளையைக் கண்ணுக்குத் தெரியாமல் செடிக்கு ஊற்றியிருக்கிறேன். முட்டை ஓடெல்லாம் இதற்கு முன்னால் சும்மா.

இனி மழைநீர்தான். அது தீர்ந்தால்? சிட்ரிக் அமிலம் சேர்த்துப் பார்த்தேன். பத்து லிட்டர் வாளிக்கு ஏறக்குறைய 4 கிராம் போட்டதும் 5.5க்கு இறங்கியது. இது சரிப்படுமா?

ஒரு சந்தேகம், விஷயத்துக்கு வெளியே. பழம் வெளியே அவ்வளவு நீலம், நசுக்கினால் சாறு கருஞ்சிவப்பாக வருகிறதே, ஏன்?

வேரடிநிழல்

இரண்டு லிட்டர், 350 கிராம்! இந்தக் கணக்கை இதுவரை யாரும் எனக்குப் போட்டுக் காட்டியதில்லை. நன்றி டீச்சர். எல்லாரும் தண்ணீரின் பிஎச்சைத்தான் பார்க்கிறார்கள், அதில் கரைந்து காரத்தன்மை தரும் பைகார்பனேட்டை யாரும் கேட்பதில்லை. பிஎச் 8 உள்ள தண்ணீரிலும் கரைந்தது குறைவாக இருந்தால் அவ்வளவு தொல்லை இல்லை. உங்களுடையதில் சரக்கு அதிகம்.

சிட்ரிக் அமிலம் முதலுதவி. மண்ணின் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும், தின்ற பின் காரம் பாதிக்குமேல் திரும்பி வந்துவிடும். வினிகரும் அப்படித்தான். மழை இல்லாத வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைநீரைச் சேர்க்கும் கொள்ளளவைக் கூட்டுவதுதான் நிரந்தர வழி. உங்கள் 4 கிராம் உங்கள் தண்ணீருக்கு மட்டும். படிக்கும் மற்றவர்கள் அளக்காமல் போட்டுவிட்டு இங்கே வந்து அழாதீர்கள்.

6.9 ஆகிவிட்ட கலவையைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். செடி ஓய்ந்திருக்கும் காலத்தில் தொட்டியைச் சாய்த்து வேர்க்கட்டியை வெளியே எடுங்கள். பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஆணிவேர் ஒன்றும் இருக்காது. தலைமுடி போல மெல்லிய வேர்கள் மேல்பக்கமாகப் பின்னிக் கிடக்கும். மற்றச் செடிகளுக்கு இருப்பது போல் அதில் வேர்த்தூவிகள் கிடையாது. அதனால்தான் ஒருநாள் காய்ந்தாலும் முகம் சுளிக்கிறது, ஒருநாள் தேங்கினாலும் அழுகுகிறது. பழைய கலவையை விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டுப் பழைய விகிதத்திலேயே புதிதாக நிரப்புங்கள். மேலே நான்கு விரல் கனத்துக்குப் பைன் பட்டை மூடாக்கு. களை எடுக்கிறேன் என்று கொத்தாதீர்கள், கையால் பிடுங்குங்கள்.

உரம்: துளிர் ஓடும்போது அம்மோனியம் சல்பேட், தொட்டிக்கு அரைத் தேக்கரண்டி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஈரக் கலவையில். இந்தச் செடிக்கு நைட்ரேட்டைவிட அம்மோனியம்தான் ஒத்துக்கொள்ளும்.

தும்பிச்சிறகு

டீச்சர், நீலத்தைப் பற்றி நான் சொல்கிறேன். சாற்றில் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி, அது கருஞ்சிவப்பு. நீலம் மேலே படிந்த வெண்பூச்சில் இருக்கிறது. அந்த மெழுகின் நுண்ணிய படிகங்கள் நீல ஒளியையும் புறஊதாவையும் சிதறடிக்கின்றன என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் எழுதினார்கள். ஒரு பழத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், தேய்த்த இடம் கறுப்பாகிவிடும். அந்தப் பூச்சு இருக்கும்வரை பழம் வாடாமல் நிற்கும். எனவே சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள்.

பூ நிறைய வந்தும் பழம் பதினொன்றுதான் என்றீர்களே, அதற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. இந்தப் பூ தலைகீழாகத் தொங்கும் குட்டி ஜாடி. உள்ளே மகரந்தம் உப்புக்குடுவையில் அடைத்தது போல, நுனித் துளை வழியாகத்தான் உதிரும். வண்டுத்தேனீ (பம்பிள்பீ) போன்றவை பூவைக் கவ்விக்கொண்டு சிறகை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிர வைக்கும், மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வந்து தேனைக் குடித்துப் போகும், போகிற போக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போவதுதான் மிச்சம். சில தச்சுத்தேனீக்கள் ஜாடியின் இடுப்பில் கீறித் தேனைத் திருடிப் போய்விடும். வாயைத் தொடாமல் திருடினால் மகரந்தச் சேர்க்கை எங்கே நடக்கும்?

உங்கள் பக்கம் வண்டுத்தேனீ வராவிட்டால் மின்சாரப் பல்துலக்கியின் முதுகைப் பூக்காம்பில் இரண்டு நொடி வைத்து எடுங்கள். நண்பகலுக்கு முன், வெயில் நாளில். ஒரு ரகத்தின் மகரந்தம் இன்னொரு ரகத்துக்குப் போனால் பழம் பெரிதாகும். பிலாக்ஸி தன் மகரந்தத்திலும் காய்க்கும், ஆனால் துணை இருந்தால் மகிழ்ச்சி.

இன்னொன்று, இந்த வருடம் நலிந்த செடிகளைக் காய்க்க விடாதீர்கள். நுனியில் குண்டாக இருப்பவை பூமொட்டு, கீழே மெலிந்து ஒட்டியிருப்பவை இலைமொட்டு. குண்டானவற்றைக் கிள்ளிவிடுங்கள். கை வராது, தெரியும்.

சோதனைக்குழாய்

வணக்கம். பத்து மாதம் கழித்து வருகிறேன். கடனைத் தீர்க்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றையும் மாற்றி நட்டேன். வேர்க்கட்டியின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, என் கையெழுத்து. மழைநீருக்கு இரண்டு பீப்பாய் வைத்தாயிற்று. பழைய மஞ்சள் இலைகள் பெரும்பாலும் அப்படியே உதிர்ந்தன. ஆறாவது வாரம் வந்த துளிர் ஓரத்தில் சிவப்போடி, பிறகு முழுப் பச்சையானது. நரம்பைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

பெயர் தெரியாத இரண்டின் பூவையும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளினேன். மகரந்தத்துக்காக ஒன்றில் மட்டும் ஒரு கிளையை விட்டுவைத்தேன். பல்துலக்கி என்றதும் கணவருக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் அலமாரியைக் கிளறி 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரப்பரில் தட்டிப் பூக்காம்பில் வைத்தார். நான் கீழே கறுப்புக் காகிதம் பிடித்தேன். வெளிர் மஞ்சளில் மாவு போல ஒரு தூசி விழுந்தது. அதன் பிறகு பதினைந்து நாள் காலையில் அந்த மனிதரைத் தொட்டியிலிருந்து பிரிக்க முடியவில்லை. வேதியியலால் செடி பிழைத்தது, இயற்பியலால் காய்த்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுத்துப் பேச வழியில்லை.

பிலாக்ஸியில் 143 பழம். இந்த முறை நீலமானதும் பாயவில்லை. காம்பைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரியும்வரை தொடக் கூடாது என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரே கொத்தில் ஐந்து பழத்துக்கு நூல் கட்டி, நீலமான அன்று ஒன்று, பிறகு இரண்டு நாளுக்கு ஒன்று எனப் பறித்துத் தின்று பார்த்தேன். முதலாவது, போன வருடத்துப் பல்கூச்சம். மூன்றாவது, தண்ணீர் போல. ஐந்தாவதைக் கட்டைவிரலால் உருட்டினேன், தானாகக் கையில் விழுந்தது. முதலில் இனிப்பு, நடுவில் ஒரு சின்னப் புளிப்பு, விழுங்கிய பிறகு பூ மணம் போல ஏதோ ஒன்று. பறித்துவைத்தால் இனிக்கும் பழமில்லை இது. இனிப்பெல்லாம் செடியில் இருக்கும்போதே வந்து சேர வேண்டும். நாற்பது பழத்தைக் கழுவாமல் தட்டில் பரப்பி உறையவைத்தேன், ஒன்றோடொன்று ஒட்டாமல் கோலிக்குண்டு போல் உருளுகின்றன. பேரன் வந்து பாதியை உறைந்தபடியே கடித்துத் தீர்த்தான்.

143 என்றேன், பறித்தது 143. அதற்கு மேல் எத்தனை பறவை தின்றது என்று தெரியாது. கடைசி வாரம் விடியும்முன்பே வந்துவிட்டன. வலை போடலாம் என்றால் தேனீ எப்படி உள்ளே போகும்?

தும்பிச்சிறகு

பூக்கும்போது போடாதீர்கள் டீச்சர். வெள்ளை ஜாடியெல்லாம் உதிர்ந்து, அடியில் பச்சையாய் மிளகு அளவு காய் பிடித்த பிறகு போடுங்கள். பறவையின் கால் சிக்காதபடி சின்னக் கண்ணி வலை, குச்சி நட்டு இழுத்துக் கட்டுங்கள். செடிமேல் படுக்கவிட்டால் வலைக்கு வெளியிலிருந்தே கொத்திவிடும்.

மண்வாசம்

அம்மா, அந்த இசைக்கவை பல்துலக்கியைவிட நன்றாக வேலை செய்கிறதா? எங்கள் வீட்டில் ஒரு பழைய கிட்டார் இசைப்பவரின் கவை கிடக்கிறது, 440 ஹெர்ட்ஸ்.

சோதனைக்குழாய்

வைத்துப் பாருங்கள் தம்பி, கீழே கறுப்புக் காகிதம் மறக்காமல். ஆனால் இங்கே வந்து முடிவைச் சொல்லும்போது 440 தான் சிறந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வீட்டில் ஒருவர் இதைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்.